பாலத்தில் உருண்ட தேசிக்காய்

கொழும்பு முழுவதிலும் தேசிக்காய்க்குப் பயந்த விஞ்ஞான வாத்தியார் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். பேய், பாம்பு என்று வெருண்டவன் அல்லன். ஒரு பக்கம் நசிந்த ஒரு சின்ன எலுமிச்சங்காய், எங்கள் வெள்ளவத்தை வீட்டுச் சாமித்தட்டில் இருந்துகொண்டு என்னை ஆட்டிவைத்தது.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பிரசவ அறைக்குள் ஆண்கள் போவதில்லை. பிள்ளை பிறந்த கணமே உள்ளே நிற்கும் பெண் ஒரு தேசிக்காயைக் கதவுக்கு வெளியே உருட்டிவிடுவாள். வெளியே மணிக்கூட்டோடு காத்திருக்கும் ஆண், காய் வந்த நேரத்தைக் குறிப்பான். சாதகம் அந்த நேரத்தை வைத்துத்தான். அசையாத வீட்டில், அசையாத தரையில் இதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. என் மகளோ ஓடுகிற ரயிலில் பிறந்தாள்.

அது இரண்டாம் உலக யுத்த காலம். கொழும்பில் குண்டு விழுந்ததும் எல்லோரையும் போல நாங்களும் அள்ளுப்பட்டு யாழ்ப்பாணத்துக்கு, மனைவியின் தாய்வீட்டுக்கு ஓடினோம். பள்ளிக்கூடம் திரும்பத் திறந்தபோது பிரசவத்துக்கு இன்னும் ஒரு மாதம் கிடந்தது. கொழும்பு ஆஸ்பத்திரிதான் வேண்டும் என்று மனைவி ஒற்றைக்காலில் நின்றாள். மாமியும் துணைக்கு வந்தார். ரயில் மாகோ சந்திக்கு வர முன்னமே மனைவிக்கு வலி கண்டுவிட்டது.

மூன்றாம் வகுப்புப் பெட்டி. பெண்கள் இரண்டு சேலைகளைக் குறுக்கே கட்டி, ஆண்களை முன்பக்கம் துரத்தினார்கள். எங்கள் நல்ல காலம், கொட்டாஞ்சேனைக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு கத்தோலிக்க நர்ஸ் அம்மா அந்தப் பெட்டியில் இருந்தார். தலைசுற்றுக்கு மணப்பதற்கென்று கொண்டுவந்த தேசிக்காயை மாமி கையில் எடுத்துக்கொண்டார். நான் சேலைக்கு இந்தப் பக்கம் மணிக்கூட்டைப் பிடித்தபடி நின்றேன்.

ரயில் ஒரு பாலத்தில் ஏறியது. இரும்புச் சத்தத்தில் என் மூச்சே எனக்குக் கேட்கவில்லை. பிள்ளையின் அழுகை எங்கே கேட்கப்போகிறது? அந்த நேரம் பார்த்து டிரைவர் பிரேக் போட்டார். எல்லோரும் முன்னால் சாய்ந்தோம். மாமி உருட்டிய காயும் சாய்ந்திருக்கவேண்டும். என் கால்களைக் கடந்து, ஆசனங்களுக்குக் கீழால் ஓடி, பெட்டியின் மற்றத் தலைப்புக்குப் போய்விட்டது. நான் காணவேயில்லை. பாலம் கழிந்து எவ்வளவோ தூரம் போன பிறகு, அங்கே இருந்த ஒரு முஸ்லிம் வியாபாரி எழும்பி வந்தார்.

“மாஸ்டர், இது ஒங்கடயா? என்ட காலடியில கிடந்திச்சி.”

அப்போதுதான் நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். பாலத்துக்கு முந்தியே பிள்ளை வந்துவிட்டது என்றார் நர்ஸ் அம்மா. பாலத்தில் ஏறிய பிறகுதான் என்றார் மாமி. பெற்றவளைக் கேட்டால், எனக்குப் பாலமும் தெரியாது, ரயிலும் தெரியாது என்றாள்.

வெள்ளவத்தைக்கு வந்ததும் மாமி அந்தக் காயைச் சாமித்தட்டில் வைத்தார். சில நாளில் மனைவிக்குக் காய்ச்சல் தொடங்கியது. பிள்ளைப்பெற்ற காய்ச்சல் எத்தனை பேரைக் கொண்டுபோயிருக்கிறது என்று எனக்குத் தெரியும். கொள்ளுப்பிட்டியிலிருந்து வந்த டாக்டர் குளிசை தந்துவிட்டு, “பாப்பம்” என்று மட்டும் சொன்னார். கடற்கரை ரயில் வீட்டுக்குப் பின்னால் போகும்போது கட்டில் அதிரும். அந்த அதிர்வுக்கே அவள் முனகுவாள்.

மாமி என்னைக் கொட்டாஞ்சேனையில் சாதகம் பார்க்கும் ஒரு சாத்திரியாரிடம் இழுத்துக்கொண்டு போனார். அரசாங்கம் யுத்தத்துக்காக மணிக்கூடுகளை முன்னுக்குத் தள்ளி வைத்திருந்தது. அவர் அதைக் கழித்து, பாலம் வந்த நேரத்துக்குக் கணக்குப் பார்த்தார். பார்த்துவிட்டு வெற்றிலையைத் துப்பினார்.

“மாஸ்டர், சரியா ரெண்டு லக்கினமும் சந்திக்கிற இடம். பாலத்துக்குப் பிந்தியெண்டால் பிள்ளை ராசாத்தி. முந்தியெண்டால் தாய்க்கு ஆகாது. பிரிச்சு வைக்கவேணும். பிள்ளைக்குப் பல்லு விழுந்து முளைக்குமட்டும் தாய் முகத்திலை முழிக்கப்படாது.”

“நான் கொண்டுபோறன்,” என்றார் மாமி உடனே. “பிள்ளைப்பெத்த துடக்குக் கழியுமட்டும் காத்திருக்கேலாது. என்ர பிள்ளை எனக்கு உயிரோடை வேணும்.”

அப்போதுதான் படித்ததையெல்லாம் எடுத்து வீசினேன். அந்த வருடங்களில் நான் விழுந்து விழுந்து படித்துக்கொண்டிருந்த புதுத் தத்துவம் அது. தேசிக்காயை வைத்தே அதைச் சொல்லலாம். பெட்டிக்குள் இருக்கும் எனக்குக் காய் மெல்ல உருளுகிறது. வயலில் நிற்பவனுக்கோ ரயிலின் வேகமும் காயின் வேகமும் சேர்ந்து அது பறக்கிறது. இதில் அதிசயம் இல்லை. ஆனால் பெட்டிக்குள் ஒரு டோர்ச் அடித்தால், அந்த வெளிச்சத்தின் வேகம் எனக்கும் வயல்காரனுக்கும் ஒன்றேதான். ரயிலின் வேகம் அதில் சேராது. அப்படியானால் விட்டுக்கொடுக்கவேண்டியது மணிக்கூடு. ஓடுகிறவனின் நேரம், நிற்கிறவனின் கணக்கில் சற்று மெதுவாகப் போகிறது. ஒருவனுக்கு ஒரே கணத்தில் நடந்த இரண்டு காரியங்கள் மற்றவனுக்கு முந்திப் பிந்தி நடக்கலாம். எல்லோருக்கும் பொதுவான ஒரு நேரம் உலகத்தில் கிடையாது.

“ஆனபடியால் ‘பிறந்த நேரம்’ எண்டு நீங்கள் சொல்லுறதுக்கே அர்த்தமில்லை,” என்று முடித்தேன்.

ரயில் ஓட்டத்துக்கு வரும் வித்தியாசம் எந்த மணிக்கூட்டிலும் அகப்படாது என்பது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் சொன்னேன். வெள்ளத்தில் போகிறவன் துரும்பின் பருமனைப் பார்ப்பதில்லை.

சாத்திரியார் கோபப்படவில்லை. அது இன்னும் மோசம்.

“நல்லது மாஸ்டர். அப்ப பிந்தித்தான் பிறந்தது எண்டு நீங்களும் அடிச்சுச் சொல்லேலாதுதானே?”

வெள்ளவத்தைக்குக் காலி வீதி பஸ்ஸில் திரும்பி வரும்போது மாமி பயண ஆயத்தங்களைச் சொல்லிக்கொண்டே வந்தார். எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. சாத்திரத்தை நம்பாதவன் நான். ஆனால் பிள்ளையை வைத்திருந்து இவள் செத்துப்போனால்? பிள்ளையை அனுப்பிவிட்டும் இவள் செத்துப்போனால்? தத்துவம் எனக்கு மிஞ்சவைத்தது அந்த இரண்டு கேள்விகளைத்தான். தெய்வமே, ஒரே ஒரு சரியான நேரத்தைத் தா என்று, அப்படி ஒன்று இல்லை என்று படித்த நானே பஸ்ஸுக்குள் கும்பிட்டேன்.

மறுநாள் காலை மாமி பிள்ளையைத் துடைத்து, துணி சுற்றி, பெட்டியையும் கட்டிவிட்டார். மனைவி கட்டிலில் எழும்பி இருந்தாள். கண் சிவந்து, உதடு வெடித்துப்போயிருந்தது.

“இஞ்சாருங்கோ, சாத்திரியாரோடை என்ன கதைச்சனீங்கள்? அம்மா சொன்னா, ஓடுறவைக்கு ஒரு நேரம், நிக்கிறவைக்கு ஒரு நேரம் எண்டு ஏதோ சொன்னீங்களாம்.”

“ஓம். அது பாடப் புத்தகக் கதை. நீர் படுத்திரும்.”

“ரயிலிலை நானும் பிள்ளையும் ஒண்டாத்தானே ஓடினனாங்கள்?”

“ஓம்.”

“அப்ப எங்கள் ரெண்டு பேருக்கும் ஒரே நேரம்?”

“ஓம்.”

“இப்ப அவளை மட்டும் ரயிலிலை ஏத்தினா? நான் இஞ்சை கட்டிலிலை கிடந்தா?”

நான் தயங்கினேன். “வித்தியாசம் வரும். ஆனா இல்லையெண்டு சொல்லுற அளவு சின்னன்.”

“சின்னனெண்டாலும் வேறைதானே?”

“ஓம். வேறைதான்.”

“அப்ப நான் விடமாட்டன்,” என்றாள். “அம்மா, பிள்ளையைத் தாங்கோ.”

மாமி அழுதார், ஏசினார், சாமித்தட்டைக் காட்டினார். மனைவி பிள்ளையை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“அந்தத் தேசிக்காயை எடுங்கோ. வாய் கைக்குது. சீனி போட்டுக் கரைச்சுத் தாங்கோ.”

என்னால் அசைய முடியவில்லை. என் மகளின் பிறப்புக்கு இருந்த ஒரே சாட்சி அது. முந்தியோ பிந்தியோ, எங்கள் விதி முழுவதும் அந்த நசிந்த காய்க்குள் கிடப்பதாக நானும் எப்போதோ நம்பத் தொடங்கிவிட்டேன் போலும். அவள் இரண்டாம் முறையும் கேட்டாள். நான் போய் எடுத்து வெட்டினேன். பாதி வற்றியிருந்தது, சாறு சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. அவள் ஒரே மூச்சில் குடித்தாள். தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வானத்திலிருந்து குண்டு விழுந்த நாளில்கூட நான் அப்படிப் பயந்ததில்லை.

காய்ச்சல் விட இன்னும் பல நாள் எடுத்தது. மாமி தனியே ஊருக்குப் போனார். மகளுக்குச் சாதகம் எழுதவில்லை. அவளுக்குச் சம்பந்தம் பேச வந்தவர்கள் நேரம் கேட்டபோது, “ரயில் ஓடேக்கை பிறந்தவள்” என்று மனைவி சொன்னாள். கேட்டவர்களில் ஒரு பகுதியார் அதோடு எழும்பிப் போய்விட்டார்கள்.

இப்போது மகள் கல்யாணமாகி யாழ்ப்பாணத்தில் இருக்கிறாள். வந்துவிட்டுத் திரும்பும்போது கோட்டை ஸ்டேஷனில் ஏற்றிவிடுகிறோம். ரயில் அசையும்போது நான் என்னை அறியாமலே மனைவியின் நெற்றியில் கைவைத்துப் பார்க்கிறேன். ஆட்கள் பார்க்கிறார்கள் என்று அவள் கையைத் தட்டிவிடுகிறாள். நான் ரயில் மறையும்வரை பொறுத்திருந்து, திரும்பவும் தொட்டுப் பார்க்கிறேன்.