சிரிச்சமூஞ்சிக்கு வந்த கோபம்

காற்றாலைக்குப் போகிற இறக்கையைச் சாலையில் பார்த்திருப்பீர்கள். ஒரு தெரு நீளத்துக்கு வெள்ளை வெளேரென்று படுத்துக்கிடக்கும். அதைச் சுமந்து போகிற லாரியைப் பார்த்து எல்லோரும் வாயைப் பிளப்பார்கள், கைபேசியில் படம் எடுப்பார்கள், அடுத்த நிமிஷமே எப்போது வழிவிடுவான் என்று ஹாரனை அழுத்துவார்கள். அந்த வண்டியை ஓட்டுவது ஒருவர் அல்ல, இருவர் என்பது அவர்களில் பாதிப்பேருக்குத் தெரியாது.

முன்னால் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவர் ஒருவர். வண்டியின் கடைசியில் ஒரு சின்ன இருக்கையில் உட்கார்ந்து வந்து, வளைவு வந்தால் இறங்கி, ரிமோட் பெட்டியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, பின்னால் நடந்தபடியே கடைசிச் சக்கரங்களைத் திருப்புகிறவர் இன்னொருவர். நடுவில் இருப்பது ஒரு வாக்கிடாக்கியும் ஒருவர் வாய்ச்சொல்லில் மற்றவருக்கு உள்ள நம்பிக்கையும்தான். நேர்ரோட்டில் யார் வேண்டுமானாலும் ஓட்டிவிட்டுப் போகலாம். இறக்கை லாரியை ஒரு நெருக்கடியான முக்கில் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள், அப்போது தெரியும் சங்கதி.

நம்முடைய ஆள் அதில் பேர்போனவர். டயர்க்கடையிலிருந்து டீக்கடை வரை அவருக்குச் சிரிச்சமூஞ்சி என்றுதான் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் லைசென்சோடு நின்றுவிட்டது. பாதி நாள் ஒரு கேட்டைத் திறக்காமல் நிறுத்தி வைத்தாலும், "நல்லதாப் போச்சு, முதுகை நீட்டிப் படுக்கலாம்" என்பார். டயர் வெடித்தால், "இத்தனை டயர்ல ஒன்னுதானே கோச்சுக்கிச்சு" என்பார்.

அதை அசட்டுச் சிரிப்பு என்று எண்ணிவிட வேண்டாம். கிளீனராக ஏறி, திட்டும் குட்டும் தின்று, தன் கையை ஊன்றித் தானே எழுந்து நின்ற மனிதனுடைய சிரிப்பு அது. அதற்கு ஒரு தொழில் ரகசியமும் வைத்திருந்தார். வண்டி நகராத நாளில், பொழுது சாய்வதற்குள் முடிந்துபோகிற வேலையாக ஒன்றைப் பிடித்துக்கொள்வார். சட்டைக்குப் பித்தான் தைப்பார். கண்ணாடிகளுக்குச் சோப்புப் போடுவார். சீட்டுக்கு அடியில் உருண்டுபோன நட்டு, போல்ட்டுகளைப் பொறுக்கி டப்பாவில் சேர்ப்பார். "வண்டி ஒரு அடி நகரல, சரி. ஒரு வேலை முடிஞ்சுச்சா இல்லையா?" என்று கேட்பார். எந்தப் பள்ளிக்கூடத்திலும் இதைச் சொல்லித் தருவதில்லை. சொல்லித் தந்திருந்தால் பாதிப்பேர் ரத்தக்கொதிப்பு மாத்திரை சாப்பிட மாட்டார்கள்.

வாலில் வருகிறவன் அவர் மனைவியின் தம்பி. அக்கா கல்யாணத்தில் அரைக்கால் சட்டையோடு ஓடித்திரிந்தவன், இப்போது மீசையும் தொப்பையுமாக இருந்தான். அவன் குரல்தான் இவருக்குக் கண். "என் மச்சான் வாங்கன்னு சொன்னா, எதிர்ல சுவரு இருந்தாலும் போவேன்" என்று ஊரெல்லாம் பீற்றிக்கொள்வார். அப்படிப்பட்டவன் இந்தப் பயணம் தொடங்கியதிலிருந்து அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. லெஃப்ட், ரைட், போலாம், நில்லுங்க. இவ்வளவுதான் அவன் வாயிலிருந்து வந்தது. கூடவே ஒட்டிக்கொண்டு வரும் 'மாமா' கூட உதிர்ந்து போயிருந்தது.

வினை போன பயணத்தில் நடந்தது. ஒரு கிடங்கு வாசலில் வால் தூணை லேசாக உரசி, தூணில் பெயிண்ட் போனது. கிடங்கு மேலாளர் எல்லோருக்கும் முன்னால், "குருட்டுப்பயலை எங்கேர்ந்துய்யா புடிச்சே?" என்று மச்சினனை வாய்க்கு வந்தபடி பேசினார். சிரிச்சமூஞ்சி வழக்கம்போலச் சிரித்தார். "விடுங்க சார், தூணுக்கும் புதுப் பெயிண்ட் அடிச்சு நாளாச்சு போல" என்றார். கூட்டம் சிரித்தது, மேலாளரும் சிரித்துவிட்டார், சண்டை அமர்ந்தது. காரியத்தைச் சாமர்த்தியமாக முடித்துவிட்டோம் என்று இவர் தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டார்.

சிரிக்காதவன் ஒருவன்தான். அன்று சாப்பிடும்போது மச்சினன் கேட்டான்: "மாமா, உங்களுக்குக் கோவமே வராதா? இல்ல, எனக்காக மட்டும் வராதா?"

"கோவப்பட்டா சோறு எறங்காதுடா, சாப்பிடு" என்று அதையும் சிரித்தே தள்ளிவிட்டார். அதோடு அவன் வாயை மூடிக்கொண்டான்.

இந்தப் பயணமோ, தொட்டதெல்லாம் தொல்லையாக இருந்தது. முதலில் காற்று. காற்று பலமாக வீசினால் இறக்கை லாரி நகரக் கூடாது. ஒரு பெட்ரோல் பங்குக்குப் பக்கத்து வெட்டவெளியில் ஒதுங்கி நின்றிருந்தபோது வீட்டிலிருந்து அழைப்பு வந்தது.

"இன்னைக்கும் நின்னாச்சா?" என்றாள் மனைவி.

"காத்துல சுத்துறதுக்குப் பொறந்த இறக்கை, காத்தைக் கண்டு ஒதுங்கி நிக்குது. கூத்தைப் பாரு."

"சிரிங்க, நல்லா சிரிங்க. என் தம்பி கிரேன் யார்டுல வேலை கேட்டிருக்கான். இந்த ட்ரிப்போட சரியாம்."

சிரிப்பு பாதியில் நின்றது. "எங்கிட்ட சொல்லவே இல்லையே?"

"சொன்னா என்ன சொல்லுவீங்க? நல்லதாப் போச்சும்பீங்க. அதான் சொல்லல."

"வேற ஆள் போட்டுக்குவாங்க…"

"போடுவாங்க. அந்த ஆளு வாங்கன்னா, நீங்க கண்ண மூடிக்கிட்டுத் திருப்புவீங்களா? அதுக்குப் பதில் சொல்லுங்க."

இத்தனை வருஷத்தில் வளைவுக்கு அவர் பயந்ததில்லை என்றால், வாலில் யார் நிற்கிறான் என்று தெரிந்ததால்தான். "சரி, நான் அவங்கிட்ட பேசுறேன்" என்றார்.

"தயவு செஞ்சு பேசாதீங்க. பேசப்போனா ஜோக்கடிப்பீங்க. அவன் பஸ் ஏறிடுவான்."

அன்று அவர் பிடித்துக்கொண்ட வேலை, மச்சினனுடைய ரிமோட் பெட்டியின் வார். நைந்துபோய் அவன் கழுத்தை அறுத்துக்கொண்டிருந்தது. பழைய சீட்டுறையிலிருந்து மெத்தென்ற துண்டு ஒன்றை வெட்டி, உள்பக்கம் வைத்துத் தைத்தார். மறுநாள் அவன் அதை மாட்டும்போது விரலால் தடவிப் பார்த்தான். அவர் பக்கம் திரும்பக்கூட இல்லை. சாப்பாட்டுத் தட்டையும் வாங்கிக்கொண்டு முதுகைக் காட்டி உட்கார்ந்தான். "முதுகும் நல்ல முதுகுதான்" என்று சொல்ல வந்ததை அவர் சோற்றோடு சேர்த்து விழுங்கினார்.

காற்று விட்டது. அப்புறம், குறுக்கே தொங்கும் கம்பியைத் தூக்கிப்பிடிக்க வர வேண்டிய மின்வாரிய ஆட்கள் வரவில்லை. அவர்கள் வந்தபோது போக்குவரத்து அனுமதி நேரம் முடிந்திருந்தது. வண்டிக்கு முன்னால் சிவப்புக்கொடி கட்டிய காரில் வழிகாட்டிப் போகிற கொடிக்காரருக்கு அலுவலகத்திலிருந்து போன் மேல் போன். நல்ல மனுஷர்தான். ஆனால் அந்தச் சில நாட்களில் ஒரு பக்கக் காது சிவந்தே இருந்தது.

இப்படியாக அந்தச் சின்ன நகரத்து முக்குக்கு வந்து சேர்ந்தார்கள். கீழே ஹார்டுவேர் கடை, அதன் தகரப் போர்டு தெருவுக்கு நீட்டிக்கொண்டிருந்தது. மேலே தையல்கடை, முன்னால் கம்பி போட்ட மாடி முகப்பு. காலை நேரம், கடைத்தெரு முழுக்க ஜனம். வண்டித் தலை திரும்பி, உடம்பு திரும்பி, வால் திரும்பப் போகிற நேரத்தில் வாக்கிடாக்கி அலறியது.

"நில்லுங்க!"

பிரேக்கில் காலை வைத்தார், வண்டி நின்றது.

"வால் மாடிக் கம்பில இடிக்கும். கொஞ்சம் பின்னால போயி, அந்த போர்டையும் கழட்டிட்டு ஒடிச்சு வரணும்" என்றான் மச்சினன்.

கொடிக்காரர் காரை விட்டு இறங்கி ஓடினார். மச்சினன் வாக்கிடாக்கிப் பொத்தானிலிருந்து விரலை எடுக்க மறந்திருந்ததால் அங்கே நடந்த பேச்செல்லாம் கேபினுக்குள் கேட்டது.

"எங்கடா இடிக்குது? யானையே போகுமே!"

"இல்லண்ணே, இடிக்கும்."

"ரிமோட்டைக் கழுத்துல மாட்டினா பெரிய ஆளாயிடுவியா? போன தடவை தூணை உரசினவன்தானே நீ? அன்னைக்குத் தெரியாத கண்ணு இன்னைக்குத் தொறந்துக்கிச்சா?"

மச்சினன் விரல் பொத்தானை விட்டது. பின்னால் ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது. சிரிச்சமூஞ்சிக்கு நாக்கு நுனியில் ஒரு நகைச்சுவை தயாராக வந்து நின்றது: 'அப்போ முதல்ல யானையை அனுப்பிப் பாக்கலாம்.' பொத்தானையும் அழுத்திவிட்டார். சொன்னால் தெருவே சிரிக்கும், கொடிக்காரரும் சிரிப்பார், காரியம் முடியும்.

அப்போது பக்கக் கண்ணாடியில் மச்சினன் தெரிந்தான். கொடிக்காரரை அவன் பார்க்கவில்லை. கேபினைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அடி விழப்போவது தெரிந்தவன் முகத்தை இறுக்கிக்கொண்டு நிற்பானே, அப்படி நின்றான்.

அவர் பொத்தானை விட்டார். என்ஜினை அணைத்தார். சாவியை உருவிக்கொண்டு இறங்கினார்.

கோபப்பட்டுப் பழக்கமில்லாத மனிதருக்கு அந்த இறக்கையின் நீளம் பெரிய சோதனை. நடந்து போவதற்குள் வந்த கோபம் ஆறிவிடுமோ என்று பயந்து வேகவேகமாக நடந்தார். மூச்சிரைக்கப் போய் நின்றார்.

"இங்க பாருங்க" என்றார். குரல் கீச்சென்று வந்தது. "நீங்க… நீங்க ரொம்ப… சரியில்லாதவரா இருக்கீங்க!"

கொடிக்காரர் திகைத்துப் பார்த்தார். மாடியிலிருந்து தையல்கடை அம்மா, கழுத்தில் அளவு டேப்போடு, எட்டிப் பார்த்துக் கத்தினாள்: "என்னங்க அது, சம்பந்தி வீட்டுல பேசுற மாதிரி? மேல ஒன்னுமே கேக்கல. சத்தமாத் திட்டுங்க!"

"சத்தமாத்தாம்மா திட்டுறேன்!" என்று அவளைப் பார்த்து அவர் போட்ட கூச்சலில் தொண்டை திறந்துகொண்டது. அதே சூட்டில் திரும்பினார். "என் மச்சானை இனிமே எவனாவது… எவராவது மரியாதை இல்லாமப் பேசினீங்க, இந்த இறக்கையை இங்கயே போட்டுட்டு ரெண்டு பேரும் கெளம்பிடுவோம்! அவன் நில்லுன்னா இந்த வண்டி நிக்கும்! நீங்க கொடி ஆட்டுங்க, ஹாரன் அடிங்க, குட்டிக்கரணம் போடுங்க, நகராது!"

அதற்குமேல் சொல் கிடைக்கவில்லை. கை நடுங்கியது. என்ன செய்வதென்று தெரியாமல் பக்கத்து டயரை ஓங்கி ஓர் உதை விட்டார். டயருக்கு ஒன்றும் ஆகவில்லை. செருப்பு கழன்று பறந்து ஹார்டுவேர் கடைக்குள் போய் விழுந்தது.

சாவியை மச்சினன் கையில் திணித்தார். "நீ எப்போ போலாங்கிறியோ அப்போ குடு" என்றுவிட்டு, ஒற்றைச் செருப்போடு நொண்டிப் போய் மற்றதைக் கேட்டார். கடைக்காரர் எழுந்து நின்று இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தார். கொடுத்த கையோடு, யாரும் கேட்காமலே, தன் போர்டையும் கழற்ற ஆரம்பித்தார்.

வண்டி பின்னால் போனது, மறுபடி வந்தது. "வாங்க… வாங்க… இன்னும் வாங்க" என்று மச்சினன் குரல் கொடுக்க, வால் மாடிக் கம்பியைத் தாண்டியது. தாண்டும்போது தெரு முழுக்க அண்ணாந்து பார்த்தது. இறக்கைக்கும் கம்பிக்கும் நடுவில், விரித்த குடையோடு ஒரு ஆள் நடந்து போகலாம்.

"அட, ரெண்டு முழத்துக்கு மேல இருக்கே!" என்றாள் மேலிருந்த அம்மா. அளவெடுத்தே பிழைக்கிறவள், அவள் கண் தப்பாது. கொடிக்காரர் எதையோ சொல்ல வாயைத் திறந்தார். கேபின் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

நகரத்தைத் தாண்டி நேர்ரோடு பிடித்ததும் வாக்கிடாக்கியில் ஒரு கரகரப்பு.

"மாமா."

"சொல்லு."

"முன்னாடி வந்த மாதிரியே வந்திருந்தாலும் போயிருக்கும் போல."

"பாத்தேன்."

"அப்போ என்னைத் திட்டலையா?"

"ஒரு நாளைக்கு ஒருத்தரைத்தான்டா என்னால திட்ட முடியும். தொண்டை கட்டிக்கிச்சு." இந்த முறை அதைச் சிரிப்போடு விட்டுவிட அவருக்கு மனம் வரவில்லை. "நீ நூறு தடவை தப்பா நில்லுன்னு சொல்லு. நூறு தடவையும் நிப்பேன். எனக்குச் சொல்றதுக்கு நீ யோசிக்க ஆரம்பிச்சேன்னா, அன்னைக்கு நான் சாவியைக் குடுத்துட்டு வீட்டுக்குப் போறேன். போன ட்ரிப்ல அந்தத் தூண்கிட்டயும் இதைத்தான் சொல்லியிருக்கணும். வாய்ல வரல."

"சரி மாமா, லாரிக்காரன் ஒருத்தன் ஓவர்டேக் எடுக்குறான், லெஃப்ட்ல ஒட்டிக்கோங்க" என்றான்.

சாப்பாட்டுக்கு ஒதுங்கிய இடத்தில் சிரிச்சமூஞ்சி முதல் டீயைக் கொடிக்காரருக்கு நீட்டினார். அவர் அதை வாங்காமல் மச்சினனைப் பார்த்தார். "தம்பி, ஆபீஸ்காரன் என்னைப் புடுங்கினதை உன்மேல எறக்கிட்டேன். மனசுல வச்சுக்காத." பிறகு டீயை வாங்கிக்கொண்டார். "அண்ணே, நீங்க திட்டினதுல எனக்குக் கோவமே வரல. பயந்துட்டேன். உடம்பு கிடம்பு சரியில்லையோ, உடனே டாக்டரைப் பாக்கணுமோன்னு."

போன் அடித்தது. வீடியோவில் மனைவி.

"என்னங்க, யாரையோ திட்டினீங்களாமே?"

"ஆமா."

"பொய்."

"கேட்டுப்பாரு உன் தம்பியை."

"அவன்தான் சொன்னான். 'கிரேன் யார்டுக்கு வரலன்னு சொல்லிட்டேன்க்கா'ன்னான். அப்படி என்னதான் சொல்லித் திட்டினீங்க?"

சிரிச்சமூஞ்சி தொண்டையைக் கனைத்தார். "'நீங்க சரியில்லாதவரா இருக்கீங்க'ன்னு."

அந்தப் பக்கம் முகம் திரையை விட்டே காணாமல் போனது. சிரிப்புச் சத்தம் மட்டும் வந்தது.

"அக்கா, கேட்டாப் பத்தாது, பாக்கணும்" என்று மச்சினன் போனைப் பிடுங்கி டிபன் கேரியர் மேல் சாய்த்து வைத்தான். ஒரு செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, தொப்பை குலுங்க, கையை நடுக்கிக்கொண்டு மூச்சிரைக்க நடந்து வந்தான். கொடிக்காரர் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, தன் வேஷத்தைத் தானே போட எழுந்து எதிரே போய் நின்றார். "நீங்க… நீங்க ரொம்ப…" என்று மச்சினன் ஆரம்பித்தான்.

"கீச்சுன்னு வரணும்டா, இவ்வளவு நல்லா இல்ல என் குரலு" என்று திருத்தினார் சிரிச்சமூஞ்சி.