விழாத இரண்டாவது டிக்

அண்ணனைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயத்தில் மூணு வாரம் எங்கள் வீட்டில் யாரும் சரியாகத் தூங்கவில்லை. சோறு இறங்கவில்லை. சபையார் முன்னால் அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

நானும் டேவிட் அண்ணனும் பிறந்தது திண்டுக்கல்லுக்கு வெளியே இருக்கிற இலங்கைத் தமிழர் முகாமில். அம்மா படகில் வந்தவர். அண்ணன் ரெண்டு வருஷத்துக்கு முன்னால் ஐரோப்பா போய்த் தஞ்சம் கேட்டான். எந்த நாடு என்று சொல்ல மாட்டேன், அவன் பத்திரம் முக்கியம். மனு இன்னும் விசாரணையில் இருக்கிறது. அந்த நாட்டுப் பாராளுமன்றத்தில் புதுச் சட்டம் கொண்டுவந்தார்கள். விசாரணை முடியும்வரை வைத்திருக்க வேண்டியதில்லை, உடனே அனுப்பிவிடலாம். எங்கே? இலங்கைக்கு. அவன் கண்ணால் பார்த்தே இராத நாட்டுக்கு!

"இஞ்சயும் இல்லை, அங்கயும் இல்லையெண்டால் என்ர பிள்ளை எங்கதான் போறது?" என்று அம்மா சுவரைப் பார்த்துக் கேட்பார்.

ஓட்டெடுப்பு ஒரு வியாழக்கிழமை, நம் நேரத்துக்குச் சாயங்காலம். சபையில் செயின் ஜெபம் வைத்தோம். ஆளுக்கு ஒரு மணி நேரம்; ஒருத்தர் எழுந்தால் அடுத்தவர் முழங்கால் போட வேண்டும். அஞ்சிலிருந்து ஆறு என்னுடையது.

எனக்கு எதிலும் அவசரம். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, போனை எடுத்து நேரலையைப் போட்டுவிட்டேன். எனக்கு முந்தின மணியை முடித்த செல்வி அக்கா, பூக்கட்டுகிறவர், வாசலில் செருப்பு மாட்டும்போதே பார்த்துவிட்டார்.

"ஏ புள்ள, ஜெபம் பண்றியா, படம் பாக்குறியா? ஆண்டவரு என்ன லைவ்லயா வாராரு?"

"செத்த நேரம்க்கா."

அந்தப் பாஷை எனக்குத் தெரியாது. பாதியில் நெட் சுற்றிச் சுற்றி நின்றது. திரும்ப வந்தபோது பெரிய கூட்டம் எழுந்து நிற்கிறது, ஒருத்தர் எண்ணிக்கொண்டிருக்கிறார். நம் சபையில் பாஸ்டர் "சம்மதமா?" என்றால் எழுந்து நிற்போம். எழுந்தால் ஆமென். எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை. சட்டம் நிறைவேறிவிட்டது!

உடனே வாட்ஸ்அப்பில் வாய்ஸ் அனுப்பினேன். "அண்ணா, முடிஞ்சுபோச்சு. அங்க நிக்காத. பையை எடுத்துட்டு பக்கத்து நாட்டுக்கு ஓடிரு." பை ஏற்கெனவே கட்டியிருந்தது. கூட்டிப்போக ஒரு நண்பனும் தயார். படித்தவள் நான் சொன்னால் யோசிக்காமல் கேட்பான் அண்ணன்.

ஒரே ஒரு டிக். போய்ச் சேர்ந்தால் விழும் ரெண்டாவது டிக் விழவில்லை. கூப்பிட்டேன், சுவிட்ச் ஆஃப். போலீஸ் பிடித்துவிட்டது என்றே நினைத்தேன். அப்போதுதான் நிஜமாகவே முழங்காலில் விழுந்தேன்.

"ஆண்டவரே, அந்த ரெண்டாவது டிக் விழணும். நான் சொன்னது அவன் காதுக்குப் போகணும்." இதைத் தவிர வேறு வார்த்தையே வரவில்லை. வாசலிலேயே நின்றிருந்த செல்வி அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு வந்து முதுகில் கை வைத்தார்.

ஆறு மணிக்கு அண்ணனே கூப்பிட்டான்.

"ஏய் லூசு, யாரைக் கேட்டுடி ஓடச் சொன்ன? சட்டம் தோத்துப்போச்சு! இங்க எல்லாரும் கட்டிப்புடிச்சு அழுவுறாங்க."

"அம்புட்டுப் பேரு எந்திரிச்சு நின்னாங்களேண்ணா!"

"வேண்டாம்னு சொல்றவங்களும் அவங்க முறை வந்தா எந்திரிச்சுதான் நிப்பாங்க. நீ பாத்தது அவங்களை."

"போன் ஏன் ஆஃப்ல இருந்துச்சு?"

"அஞ்சுலருந்து ஆறு உன் நேரம்னு சொன்னேல்ல? நானும் கூட முழங்கால் போட்டேன். போன் கையில இருந்தா உன்னை மாதிரி நோண்டத்தானே தோணும்."

தங்கியிருக்கும் இடத்தை விட்டு அவன் ஓடியிருந்தால் மனுவே ரத்தாகியிருக்கும் என்று வக்கீல் பிறகு சொன்னார். நான் விட்ட ஜெபத்தை அவன் பிடித்துக்கொண்டிருந்தான். அதனால்தான் என் வாயிலிருந்து அவன் தப்பினான்.

மனுவுக்கு இன்னும் தீர்ப்பு வரவில்லை. பயம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஜெபத்தை விடவில்லை; ஒவ்வொரு வியாழக்கிழமையும் அஞ்சு மணிக்கு என் போன் செல்வி அக்கா பூக்கூடைக்குள் போய்விடும். உங்களில் யாராவது இப்படி ஒரு பதிலுக்காகக் காத்திருந்தால் வந்து பக்கத்தில் முழங்கால் போடுங்கள். கேட்டது கிடைக்கவில்லையே என்று அவசரப்படாதீர்கள்.

அன்றைக்கு அந்த ரெண்டாவது டிக்கைத் தராத ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்.