ஞாயிற்றுக்கிழமையை விட்டுக்கொடுக்காத அக்கா

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலருக்கு நான் எழுதப்போவதாகக் கேள்விப்பட்ட உறவினர் ஒருவர், "பொறுமையில் பூமாதேவி என்று ஆரம்பிம்மா, நன்றாக இருக்கும்" என்றார். எழுதிப் பார்த்தேன். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அக்காவின் பொறுமையெல்லாம் நோயாளிகளுக்குத்தான், உறவுக்காரர்களான நமக்குக் கிடையாது. அதற்கு நாம் கொடுத்த காரணங்களும் கொஞ்சநஞ்சமல்ல. ஆகவே உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன். யாருக்கு உறுத்தினாலும் சரி.

அக்கா விழுப்புரம் பக்கத்துக் கெடாரில் பிறந்தார். மல்லாட்டை என்கிற நிலக்கடலையும் கேப்பையும் விளைந்த நிலம். அப்பா அம்மாவுக்கு நாங்கள் இரண்டு பெண்கள். பல் மருத்துவம் படிக்க அக்கா சென்னைக்குப் புறப்பட்டபோது, "பொம்பளப் புள்ளைக்கு ஊரான் வாயில கைய உடற படிப்பா?" என்று கேட்டவர்கள் உண்டு. அவர்களில் சிலர் இந்த மலரையும் வாங்கிப் புரட்டுவார்கள். அவர்களுக்கு என் வணக்கம்.

திருமணமாகி விழுப்புரம் வந்ததும் ஒரு தனியார் மருத்துவமனையில் சம்பளத்துக்குச் சேர்ந்தார். காப்பாற்றக்கூடிய பல்லையும் பிடுங்கி அனுப்பச் சொன்னார்கள். ஒரே மாதம்தான். வெளியே வந்து, எண்பதுகளின் தொடக்கத்தில், திண்டிவனத்தில் சொந்தமாக ஓர் அறை எடுத்துப் பல் மருத்துவமனை திறந்தார். பின்னாளில், காலையில் சமைத்து, இரண்டு பிள்ளைகளையும் பள்ளிக்கு அனுப்பிவிட்டு பஸ் ஏறுவார். கரண்ட் போனால் தையல் மெஷின்போல் காலால் மிதித்து ஓட்டும் கருவியில் பல்லைக் குடைவார். கருவிகளை ஸ்டவ்வில் பிரஷர் குக்கர் வைத்து அவிப்பார். அதைப் பார்த்துவிட்டுப் போன ஒரு சித்தி அக்கா வீட்டில் சாப்பிடுவதையே நிறுத்திவிட்டார். அந்தக் குக்கர் ஒருநாளும் வீட்டுக்கு வந்ததில்லை சித்தி. இப்போதாவது நம்புங்கள்.

அக்காவுக்கும் குடும்பத்துக்கும் நடந்த சண்டைக்கெல்லாம் மூலகாரணம் ஞாயிற்றுக்கிழமை. வாரம் முழுவதும் களைவெட்டவும் கட்டட வேலைக்கும் போகிறவர்கள் பல் வலிக்காக ஒருநாள் கூலியை விடமாட்டார்கள். முகம் வீங்கி, இனி முடியாது என்றான பிறகே வருவார்கள். ஞாயிறு திறந்திருந்தால் வீங்குமுன் வருவார்கள் என்று அக்கா திங்கட்கிழமையை விடுமுறையாக்கிவிட்டார். நம் குடும்பமோ காதுகுத்து, வளைகாப்பு, நிச்சயம் எல்லாவற்றையும் தேடிப்பிடித்து ஞாயிற்றுக்கிழமையில் வைக்கும்.

என் நிச்சயதார்த்தமும் அப்படித்தான், விழுப்புரம் பஸ் நிலையத்தின் பக்கத்தில் ஒரு சின்ன மண்டபத்தில். மூத்த அக்காதான் பெண்ணைக் கைப்பிடித்து அழைத்துவந்து சபையில் உட்காரவைக்க வேண்டும். பத்து மணிக்கு மருத்துவமனைக் கதவைச் சாத்திவிட்டு வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தார். பன்னிரண்டு மணிக்கு, அக்காவுக்குப் பதிலாக ஒரு பஸ் கண்டக்டர் மண்டபத்துக்குள் வந்தார்.

"திண்டிவனம் டாக்டரம்மா சொல்லச் சொன்னாங்க. உசுரு விஷயமாம், லேட்டாவுமாம். நல்ல நேரம் தாண்டிடப் போவுது, நீங்க தட்டு மாத்திடுங்கன்னாங்க."

நடந்தது இதுதான். பிரம்மதேசத்திலிருந்து ஒரு கர்ப்பிணிப் பெண்ணைக் கூட்டிவந்திருந்தார்கள். பல் வலிக்கு மூன்று நாளாக உப்பை வறுத்துத் துணியில் முடிந்து கன்னத்தில் சுடச்சுட ஒத்தடம். அன்போடு செய்ததுதான். ஆனால் வேரில் சீழ் கட்டிய பல்லுக்கு வெளியிலிருந்து சூடு கொடுத்தால் வீக்கம் அடங்காது, பரவும். கழுத்துவரை இறங்கியிருந்தது. அந்தப் பெண்ணால் எச்சில்கூட விழுங்க முடியவில்லை. வழியில் மூச்சு அடைத்தால் யார் பார்ப்பது என்று அக்காவே வாடகைக் காரில் ஏறி, புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, விழுப்புரத்துக்கு பஸ் பிடித்தார். அந்தப் பெண் பிழைத்தாள். குழந்தையும் பிழைத்தது.

அக்கா மண்டபத்துக்குள் நுழைந்தபோது மணி நான்கு. சம்பந்தி வீட்டார் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு கிளம்பிவிட்டிருந்தார்கள். பெரியப்பா எல்லார் முன்னிலையிலும், "தங்கச்சி நிச்சயத்துக்கே வர முடியல, அப்படி ஒரு கடை எதுக்கும்மா? நாளைக்கே பூட்டி சாவிய மாப்பிள்ள கையில குடுத்துடு" என்றார். மாமா, அக்காவின் கணவர், தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. "உனக்கு என்னவிட எவளோ ஒருத்தி பல்லுதான் பெருசாப் போச்சா?" என்று கத்தினேன்.

அக்கா பெரியப்பாவைப் பார்த்துத்தான் பேசினார்.

"பூட்ட மாட்டேன் பெரியப்பா. எல்லா விசேஷத்தையும் ஞாயித்துக்கிழமையே வச்சிக்கினு, ஏன் வரலன்னு கேட்டா எப்படி? மீதி ஆறு நாள் இருக்குதில்ல? அதுல வைங்க. மொத ஆளா வந்து எலை போடறேன். ஞாயித்துக்கிழம மட்டும் என்னக் கேக்காதீங்க."

அதன் பிறகு இரண்டு வருடம் பல வீடுகளிலிருந்து அக்காவுக்கு அழைப்பே போகவில்லை. ஆனால் கன்னம் வீங்கினால் அதே ஆட்கள், லீவு போடத் தேவையில்லாத ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து, திண்டிவனத்துக்கு வந்து நின்றார்கள். "விசேஷத்துக்குக் கூப்புடல, வீக்கத்துக்கு மட்டும் ஞாபகம் வந்துச்சா? சரி, வாயத் தொறங்க" என்பார் அக்கா. வைத்தியத்தில் ஒரு குறையும் வைத்ததில்லை. கண் மங்கும்வரை அந்த ஞாயிற்றுக்கிழமை தவறவில்லை.

கடைசி மூன்று மாதம் படுக்கையில் இருந்தார். ஒரு மதியம் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டேன்: "அன்னிக்கு மண்டபத்துல நான் சொன்னது ஞாபகம் இருக்குதாக்கா?"

"இல்லாம? அந்த வாரம் பூரா பஸ்ஸுல அழுதுக்கினேதான் போனேன்" என்றார். திரும்பி என்னைப் பார்த்தார். "ஆனா ஞாயித்துக்கிழம தெறந்தேன் இல்ல?"

நன்றி சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள். மண்டபத்தில் வாய் திறக்காவிட்டாலும் அடுத்த வாரத்திலிருந்து ஞாயிறுதோறும் சமையலைத் தன் கையில் எடுத்துக்கொண்ட மாமாவுக்கு. திண்டிவனம் மருத்துவமனையில் அக்காவோடு கடைசிவரை நின்ற நர்ஸம்மாவுக்கு. இறுதி ஊர்வலத்தில், கூலியை விட்டுவிட்டு வேலை நாளில் வந்து நின்ற, அக்காவிடம் வைத்தியம் பார்த்துக்கொண்ட வானூர், பிரம்மதேசம் மக்களுக்கு.

துக்கம் விசாரிக்க வந்த உறவினர் சிலர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "போனது போவட்டும்மா, அக்காவ நாங்க மன்னிச்சிட்டோம்" என்றீர்கள். அன்று எனக்குப் பேச வரவில்லை. இப்போது சொல்கிறேன். எங்கள் அக்கா உங்களில் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டியவள் நான். அவர் உயிரோடு இருந்தவரை கேட்கவில்லை.