ஓய்வூதியப் புத்தகத்தில் அக்கா

என் கணவருக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், அவருடைய பட்டாளத்துத் தகரப் பெட்டியைத் திறந்தேன். மடித்து வைத்த கம்பளிக்கு அடியில் ஓய்வூதியப் புத்தகம் இருந்தது. உள்ளே கணவனும் மனைவியும் சேர்ந்து நிற்கும் போட்டோவை ஒட்டி, அதன்மேல் சீல் குத்தியிருந்தார்கள். அவர் பக்கத்தில் நிற்பது நான் இல்லை. என் அக்கா.

அக்கா இறந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது.

அவருக்குப் பிறகு மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் வரும் என்று அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். எங்களுக்கு வேறு வழியும் இல்லை. மகள் சேலத்தில் நர்சிங் படிக்கிறாள். அது வராவிட்டால் அவள் படிப்பை விட்டுவிட்டு எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்க வர வேண்டியதுதான். அந்தப் போட்டோவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அக்காவும் என்னையே பார்த்தாள்.

எங்கள் வீடு கரடியூர்ப் பக்கம். அவர் ஓய்வு பெற்று வந்து எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டராகச் சேர்ந்த அடுத்த ஐப்பசியில், விடாத மழையில் அக்காவுக்கு வயிற்றுவலி கண்டது. ரோட்டில் மரம் விழுந்து ஜீப் வர முடியவில்லை. மூங்கிலில் கம்பளியைத் தூளி கட்டி, அவரும் அவர் தம்பியும் ஊர்க்காரர் இரண்டு பேரும் தூக்கிக்கொண்டு ஏற்காட்டுக்கு நடந்தார்கள். பாதி வழியில் திரும்பி வந்துவிட்டார்கள். காப்பித் தோட்டத்துக்கு மேலே சரிவில் அடக்கம் செய்தோம். ஊருக்குச் சொன்னோம், பங்காளிகளுக்குச் சொன்னோம், சாமிக்குச் சொன்னோம். கவர்மெண்டுக்கும் சொல்ல வேண்டும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

சுமங்கலியாகப் போனவள் எங்கள் வீட்டில் பூவாடைக்காரி என்ற வீட்டுத் தெய்வம் ஆகிவிடுவாள். சாமி மாடத்தில் ஒரு மூங்கில் கூடையில் அவளுக்கென்று புதுப்புடவை இருக்கும். வருஷத்துக்கொரு தை வெள்ளியில் வேறு புடவை வைத்துக் கும்பிட்டு, பழையதை வீட்டு மருமகள் உடுத்திக்கொள்வாள். அந்த மருமகள் நான்தான். என்னை அவருக்குக் கட்டிவைக்கலாமா என்று முதலில் அக்காவிடம்தான் பூக் கேட்டார்கள். வெள்ளைப்பூ ஒரு பொட்டலம், சிவப்புப்பூ ஒரு பொட்டலம். கூடை முன்னால் குலுக்கிப் போட்டு ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் சம்மதம். வெள்ளைதான் வந்தது. சேர்வராயன் கோயிலில் தாலி கட்டினார். அதையும் நாங்கள் எங்கும் எழுதி வைக்கவில்லை.

"பேரை மாத்தோணும்" என்று ஒவ்வொரு நவம்பரிலும் சொல்லுவார். அந்த மாதம்தான் தான் உயிரோடு இருப்பதாக பேங்கில் எழுதிக் கொடுத்துவிட்டு வருவார். வந்ததும் மறந்துவிடுவார்.

கொழுந்தனாரிடம் புத்தகத்தைக் காட்டினேன். அவர் போட்டோவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இதுக்கு ஏனுங்க அண்ணி கலங்கறீங்க? கூடப் பொறந்தவங்க, ஒரே சாடை. உங்களுக்கு அந்தப் பேரும் உண்டுன்னு ஒரு அஃபிடவிட் போட்டாத் தீந்துச்சு. டவுன்ல எனக்குத் தெரிஞ்ச ஆளு இருக்காப்ல, நொம்ப கெட்டிக்காரரு."

சொன்னபடி இரண்டு நாளில் முத்திரைத்தாளோடு வந்தார். நான் எட்டாவது வரைக்கும் படித்தவள். எழுத்துக்கூட்டித்தான் படித்தேன். என் பேரும் அக்கா பேரும் ஒரே ஆளைக் குறிக்கும் என்றும், இருவரும் ஒருவரே என்றும் டைப் அடித்திருந்தது. கீழே கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்கள்.

லீவுக்கு வந்திருந்த மகள் தாளை வாங்கிப் பார்த்தாள்.

"ஏஞ் சித்தப்பா, அம்மாதான் பெரியம்மான்னா, என்ற மார்க் ஷீட்டுல இருக்கற அம்மா யாரு? நானென்ன கிளியூர் அருவியில அடிச்சுட்டு வந்தவளா?"

"வாயி, வாயி! எல்லாத்துலயும் பேரை மாத்திக்கலாம் கண்ணு."

"மாத்திட்டா, எங்கம்மா செத்துப் போச்சுன்னு அர்த்தமா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். நான் கையெழுத்துப் போட்டால் எழுத்தில் அக்கா எழுந்து வந்துவிடுவாள், நான் சரிவில் போய்ப் படுத்துவிடுவேன். அப்புறம் ஒவ்வொரு நவம்பரிலும் பேங்கில் போய், செத்தவள் உயிரோடு இருக்கிறாள் என்று நானே சொல்ல வேண்டும்.

"அவகிட்டவே பூக் கேட்டுருவோமுங்க தம்பி. அவ பேரு. அவதான் சொல்லோணும்" என்றேன்.

கொழுந்தனாரே வேலியோரம் போய்ப் பூப் பறித்து, இரண்டு பொட்டலம் மடித்துக்கொண்டு வந்தார். விளக்கேற்றிச் சூடம் காட்டினேன். மகள் ஒன்றை எடுத்துப் பிரித்தாள். வெள்ளை நந்தியாவட்டை.

"பாத்தீங்களா அண்ணி! அவங்களே குடுத்துட்டாங்க."

சந்தோஷம் வரவில்லை. சாமி சொன்ன பிறகு மனுஷி என்ன பேசுவது? பேனாவைக் கையில் எடுத்தேன். அப்போது மகள் சும்மா இருக்காமல் அடுத்த பொட்டலத்தையும் பிரித்தாள்.

அதிலும் வெள்ளைப்பூதான் இருந்தது.

விளக்குத் திரி படபடவென்று பொரிந்தது. கொழுந்தனார் முகத்தில் ரத்தமே இல்லை. "நல்லதுக்குத்தானுங்க அண்ணி பண்ணுனேன். புள்ள படிப்பு நிக்கக் கூடாதுன்னுதான்…"

"என்னைய ஏமாத்தியிருந்தாப் பரவால்லீங்க தம்பி. அவளைப் போயி ஏமாத்தலாமுங்களா?"

செருப்பைக்கூடப் போடாமல் போய்விட்டார். முத்திரைத்தாளைக் கிழிக்கவும் எனக்குப் பயமாக இருந்தது. அதில் அக்கா பேர் இருக்கிறதே. கூடைக்கு அடியில் வைத்துவிட்டேன். மறுநாள் காலையில் பார்த்தால் கூடையிலிருந்த புடவை ஈரமாக இருந்தது. பனி உள்ளே வந்து போகிற வீடுதான். ஆனால் மாடத்தில் வேறு எதுவும் நனையவில்லை.

அந்த வாரமே சேலத்தில் முன்னாள் படைவீரர்களுக்கான அலுவலகத்துக்குப் போய் உள்ளதை உள்ளபடி சொன்னேன். அங்கே இருந்தவரும் பட்டாளத்துக்காரர்தான். பொறுமையாகக் கேட்டார்.

"ரிட்டயர் ஆனதுக்கு அப்புறம் கட்டுன மனைவிக்கும் பென்ஷன் உண்டும்மா. ஆனா மொத மனைவி இறந்ததுக்கு அத்தாட்சி வேணும். அது இல்லாத வரைக்கும் காகிதத்துல அவங்க உயிரோட இருக்காங்க. அவங்க உயிரோட இருந்தா, நீங்க மனைவி இல்லீங்க."

இருபது வருஷம் அவர் வீட்டில் விளக்கேற்றியவள் நான். ஒரு வார்த்தையில் யாரோ ஆகிவிட்டேன்.

அக்கா இறந்ததைப் பதியச் சொல்லி, கோட்டாட்சியரின் ஆர்.டி.ஓ. ஆபீசில் மனுக் கொடுத்தேன். கிராம நிர்வாக அலுவலர் விசாரணைக்கு வந்து, புதைத்த இடத்தைக் காட்டச் சொன்னார். பனி இறங்கி முன்னால் போகிறவர் முதுகு தெரியாத பகல் அது. சரிவெல்லாம் பிறகு காப்பி வைத்துவிட்டார்கள். நட்டு வைத்த கல்லைக் காணோம். ஒரு சில்வர் ஓக் மரத்தடியைக் காட்டினேன். அவள் அங்கேதான் இருக்கிறாளா என்று எனக்கே தெரியவில்லை.

"பாத்த சாட்சி யாராச்சும் இருக்காங்களா?" என்றார்.

தூளி தூக்கிய நாலு பேரில் மிச்சம் கொழுந்தனார் ஒருத்தர்தான். பூப் போட்ட நாளிலிருந்து அவருக்குக் காய்ச்சல். மூன்று வாரமாக எங்கள் வாசலை மிதிக்கவில்லை. சாட்சி சொல்ல சேலத்துக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பினேன். பதிலே இல்லை. ஆர்.டி.ஓ. விசாரணைக்குக் குறித்த தேதியில், சேர்வராயனை நினைத்துக்கொண்டு தனியாகக் கிளம்பினேன். பஸ் மஞ்சக்குட்டையில் நின்றது. அங்கே மப்ளர் சுற்றி, நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு நின்றிருந்தார். ஏறி என் பின்சீட்டில் உட்கார்ந்தார்.

"ஒடம்பு எப்படியிருக்குதுங்க தம்பி?"

"காய்ச்ச எறங்கலீங்க அண்ணி. கண்ணை மூடுனா அவங்களைத் தூக்கிட்டு நடக்கறேன். நடந்துட்டே இருக்கறேன். ஏற்காடு வரவே மாட்டேங்குது."

மலை இறங்கும் வரைக்கும் என் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டே வந்தார்.

அதிகாரி முன்னால் அவர் கைகூப்பி நின்றார். "எங்க அண்ணி செத்துட்டாங்க சார். உசுரு போனப்ப என்ற தோள்ல கனம் மாறுச்சு. எனக்குத் தெரியும்" என்றார். சொல்லும்போதே உட்கார்ந்துவிட்டார். எழுதியதில் கையெழுத்துப் போட்டார். கீழே நானும் போட்டேன். வீட்டுத் தெய்வத்தை நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து செத்தவள் என்று எழுதிக் கொடுத்தோம். உண்மைதான். ஆனாலும் வெளியே வந்ததும் மலைப் பக்கம் திரும்பிக் கும்பிட்டேன்.

காகிதங்கள் போய்த் திரும்ப மாதக்கணக்கில் ஆயிற்று. கடைசியில் என் பேரில் உத்தரவு வந்தது. மகள் படிப்பு நிற்கவில்லை.

போன நவம்பரில், உயிரோடு இருப்பதாகப் பதிவு செய்ய முதன்முதலாக நான் பேங்குக்குப் போனேன். கொழுந்தனார் துணைக்கு வந்தார். மெஷினில் பெருவிரலை வைத்தேன். பொருந்தவில்லை என்றது. அடுத்த விரல். பொருந்தவில்லை.

"காப்பி பறிச்ச கையா? ரேகை தேஞ்சிருக்கும். வேற விரல் வைங்கம்மா" என்றார் பேங்குக்காரர்.

மூன்றாவது விரலுக்கும் அதே பதில். அக்கா, உன் பேரை நான் எடுக்கவில்லை, உன் புடவையைத்தான் உடுத்தினேன் என்று மனசுக்குள் கும்பிட்டேன். இடது கையை வைத்தேன். மெஷினில் பச்சை விளக்கு எரிந்தது.

"ஆச்சும்மா. அடுத்த வருசம் வாங்க."

படியிறங்கும்போது கொழுந்தனார் என் காதருகே கேட்டார்.

"அவங்க உட்டுட்டாங்களா அண்ணி?"

"இந்த வருசத்துக்கு உட்டுட்டாளுங்க தம்பி" என்றேன்.