தக்காளி இல்லாத விருந்து

கல்முனைப் பக்கத்தில் எண்ணெய் வந்த தகரப் பரலை நெடுக்காகப் பிளந்து, சிரட்டைக் கரி போட்டு, கம்பியில் கோர்த்த இறைச்சியைச் சுட்டுக் கொடுத்த முதல் ஆள் நான்தான். வேறு யாராவது தாங்கள்தான் முதல் என்றால் சொல்லட்டும். அவர்களுக்குக் கம்பி பிடிக்கக் காட்டிக் கொடுத்தவனும் நான்தான். படித்தது மூன்றாம் வகுப்பு. ஆனால் நெருப்புக்கு மேலே உள்ளங்கையைப் பிடித்தால் போதும், இறைச்சியை இப்போது வைக்கலாமா, கொஞ்சம் பொறுக்க வேண்டுமா என்று சொல்லிவிடுவேன்.

இதெல்லாம் அரபு நாட்டில் கிடைத்த படிப்பு. சூறாவளி வந்து எங்கள் கூரையையும் வீட்டு வளவில் நின்ற தென்னைகளையும் கொண்டுபோன மறுவருடம், சீமெந்து குழைக்கிற வேலைக்கென்று போனேன். மூன்றே மாதம். எனக்குச் சமைக்கத் தெரியும் என்று துணிந்து ஒரு பொய் சொல்லி, வீதியோர இறைச்சிக் கடையொன்றின் அடுப்படிக்குள் புகுந்துவிட்டேன். அங்கே நான்கு வருடம். போகும்போது மனைவி கர்ப்பமாக இருந்தாள். திரும்பி வந்தபோது, மூன்றரை வயதில் ஒரு மகள், மனைவியின் உம்மாவான என் மாமியின் சேலைக்குப் பின்னால் நின்று என்னை எட்டிப் பார்த்தாள்.

"வாப்பா வந்திரிக்கார் மனே, போய் ஸலாம் சொல்லு" என்றாள் மனைவி.

மகள் மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டு, மேசையில் இருந்த கெஸட் ரேடியோவைக் கையால் காட்டினாள். "வாப்பா அதுக்குள்ள இரிக்கார்."

பிழை சொல்ல முடியாது. எனக்கு எழுத வராது என்பதால் மாதம் ஒரு கெஸட்டில் கதைத்து அனுப்புவேன். அந்தப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்துதான் அவள் வளர்ந்திருக்கிறாள். நான் அடுத்த அறையில் கதைத்தால் ஓடிப் போய் ரேடியோவைப் பார்ப்பாள். அது மூடிக் கிடக்கும். எனக்கு அவள் வைத்த பெயர் 'வந்த ஆள்'. "உம்மா, வந்த ஆள் தேத்தண்ணி கேக்கிறார்."

எனக்கு நான்கு மாத லீவு. அது முடிவதற்குள் அவள் வாயால் ஒரு தடவை 'வாப்பா' என்று கேட்டுவிட வேண்டும். வேறு ஆசை ஒன்றும் இருக்கவில்லை. பொம்மை கொடுத்தேன். பேரீச்சம்பழம் கொடுத்தேன். காலுக்கு மினுங்குகிற சப்பாத்தும் கொடுத்தேன். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு மாமியின் சேலைக்குப் பின்னால் போய்விட்டாள்.

சும்மா இருக்க எனக்கு வராது. எங்கள் ஒழுங்கையில் இருக்கிற வீடுகள் எல்லாவற்றுக்கும் ஒரு விருந்து கொடுப்பேன், இறைச்சியோடு கோர்க்கிற காய்கறியெல்லாம் எங்கள் வளவில் விளைந்ததாகவே இருக்கும் என்று பள்ளிவாசலடியில் வைத்துச் சொல்லிவிட்டேன். அரபு நாட்டுத் தக்காளி, கைப்பிடி அளவு, இறைச்சித் துண்டுக்கும் துண்டுக்கும் நடுவில் கோர்த்துச் சுட்டால் அதன் சாறு இறங்கி இறைச்சியை நனைக்கும் என்றேன். விதையைக் கழுவிக் காயவைத்து, பாஸ்போர்ட்டுக்குள் மடித்துக் கொண்டுவந்திருந்தேன்.

ஆனால் வளவு என்னுடையது இல்லை. எங்கள் ஊர்களில் கலியாணம் முடித்த ஆண்பிள்ளைதான் பெண் வீட்டில் போய் இருப்பான். வளவு மாமியுடையது. விடியக் காலையில் ஈர்க்குமாற்றால் கோடு கோடாகப் பெருக்கி, அந்த வெள்ளை மணலில் காகம் நடந்தாலும் கோபிப்பார். அவர் என்னோடு நேரே கதைப்பதும் இல்லை. என் மனைவிக்குச் சொல்வதுபோல எனக்குச் சொல்வார்.

"புள்ள, அரபு நாட்டு மணலில ஒண்டும் முளைக்கல்லயெண்டு இஞ்ச மணலத் தேடி வந்திரிக்காரா உன்ட மாப்பிள்ள?"

நானும் மனைவியைப் பார்த்தே பதில் சொன்னேன். "தென்னை விழுந்த இடத்தில நல்ல வெயில் அடிக்குது எண்டு உம்மாட்டச் சொல்லு. மறுகா, காய்ச்ச பிறகு, பார்க்கச் சொல்லு."

இறக்காமத்திலிருந்து உழவு இயந்திரப் பெட்டியில் குளத்து வண்டல் வந்து இறங்கியது. வெள்ளை வளவில் கறுப்பு மண். மாமி அன்று பகல் சாப்பிடவில்லை. விதை முளைத்து நாற்றானதும் பாத்தியில் நட்டு, சத்துக் கூடட்டும் என்று மீன் தலைகளைக் கொண்டுவந்து பக்கத்தில் புதைத்தேன். மறுநாள் ஒழுங்கையில் இருந்த பூனைகள் எல்லாம் எங்கள் வளவில்தான் நின்றன. பாதி நாற்றைக் கிளறிப் போட்டுவிட்டன.

"தோட்டம் போடல்ல புள்ள, பூனைக்கு விருந்து போட்டிரிக்கார்."

நான் விடவில்லை. மீன் தலைகளைத் தோண்டி எடுத்தேன். மிச்சமிருந்த நாற்றை மறுபடி நட்டேன். பக்கத்தில் புதினா, கொச்சிக்காய், கறிமிளகாய், வெங்காயம். கிணற்றிலிருந்து காலையும் மாலையும் வாளி வாளியாக இறைத்தேன். மணலுக்குத் தாகம் தீராது.

ஒரு வாரம் போயிருக்கும். ஒரு நாள் காலையில் பார்க்கிறேன், மகள் பால்மா முடிந்த பால்ரின்னில் தண்ணீர் அள்ளிவந்து தக்காளிக்கு ஊற்றிக்கொண்டிருக்கிறாள். புதினாவுக்கு இல்லை. கொச்சிக்காய்க்கும் இல்லை. தக்காளிக்கு மட்டும். நான் கிணற்றில் அள்ளி அவள் ரின்னில் ஊற்றினேன். வாங்கிக்கொண்டு போனாள். திரும்ப வந்தாள். அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் படவில்லை. தேத்தண்ணிக் கடையில் இருந்தவர்களுக்கெல்லாம் சொன்னேன்: "என்ட ரத்தம். சொல்லிக் குடுக்கத் தேவையில்ல. என்ட கை அப்படியே இரிக்கி."

இரண்டு நாள் கழித்து மனைவி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு வந்து நின்றாள்.

"ஒண்டு சொல்லட்டா, ஏசக்கூடா."

"சொல்லு."

"இந்த ஆள் எப்ப போவாரெண்டு கேட்டாள். தக்காளி பழுத்த உடன போயிருவாரெண்டு வாய்க்கு வந்தத்தைச் சொல்லிட்டன். அதுக்குத்தான் தண்ணி ஊத்துறாள்."

உள்ளே மாமி சிரிக்கிற சத்தம் கேட்டது. நானும் சிரித்தேன். பிறகு கிணற்றடியில் போய் முகத்தைக் கழுவினேன், கனநேரம்.

அன்றைக்குத் தேத்தண்ணிக் கடைக்குப் போகவில்லை. ஆனால் மறுநாள் காலையில் பால்ரின்னோடு அவள் வந்து நின்றபோது, அள்ளி ஊற்றாமல் இருக்க எனக்கு மனம் வரவில்லை. என்னை அனுப்பத்தான் ஊற்றுகிறாள், தெரியும். என்றாலும் காலையும் மாலையும் நானும் அவளும் கிணற்றடிக்குச் சேர்ந்து நடக்கிறோமே, அது எனக்குப் போதும் என்றிருந்தேன்.

வண்டல் கொண்டுவந்தவர் காடு வெட்டிப் போட்ட சேனைச் சோளமும் ஒரு சாக்குத் தந்திருந்தார். பரலைச் சோதித்துப் பார்க்க அதில் நான்கு பொத்தியைச் சுட்டேன். தோட்டத்துப் புதினாவும் உப்பும் தேசிக்காய்ப் புளியும் சேர்த்து அரைத்து மேலே தேய்த்தேன். மணம் வீட்டுக்குள் போயிருக்க வேண்டும். மாமியின் சேலையை விட்டுவிட்டு மகள் தனியாக வந்தாள். ஊதி ஊதிக் கொடுத்தேன். பல்லில் புதினா ஒட்டியிருக்க, "வந்த ஆள், இன்னொண்டு" என்றாள்.

அதற்குப் பிறகு பின்னேரம் ஆனால் என்னோடுதான் இருப்பாள். கத்தரிக்காய் சுட்டால் தோலை உரிப்பது அவள் வேலை. புதினா கிள்ளி வரச் சொன்னால் வேரோடு கொண்டுவருவாள். ஒரு நாள் கரி ஊதிக்கொண்டிருந்தபோது என் முதுகில் சாய்ந்து தூங்கியும் போனாள். எனக்குக் கால் விறைத்துவிட்டது. எழும்பவில்லை. ஆனாலும் 'வந்த ஆள்'தான்.

தக்காளி பூத்தது. மஞ்சள் மஞ்சளாக, குலை குலையாக. ஒழுங்கையில் போகிறவர்களைக் கூப்பிட்டுக் காட்டினேன். இரண்டு வாரம் கழித்தும் பூ காயாக மாறவில்லை. பார்த்தால் பூவே இல்லை, காம்பு மட்டும் நிற்கிறது. மாமியின் கோழிகள்தான் என்று சத்தம் போட்டேன். அப்போதுதான் மாமி என்னோடு முதன்முதலாக நேரே கதைத்தார்.

"மருமகன், என்ட கோழி பூத் திங்கிற சாதி இல்ல."

ஒரு நாள் பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு நேரத்தோடு வந்தேன். கிணற்றடியைச் சுற்றிக் கட்டியிருந்த ஓலைக் கிடுகு மறைப்புக்குப் பின்னால் நின்று பார்த்தேன். மகள் பாத்திக்குள் குந்தியிருந்தாள். ஒவ்வொரு பூவாகக் கிள்ளி, தண்ணீர் ஊற்றுகிற அதே பால்ரின்னுக்குள் போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ன மனே செய்யிறாய்?"

ரின்னை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். முகம் அழப்போகிற முகம்.

"ஏன் கிள்ளுறாய்? பழுக்க வேணாமா?"

"பழுத்தா பிளேன் வந்துரும்" என்றாள்.

நான் அவளுக்குப் பக்கத்தில் குந்தினேன். உயரத்தில் ஒரு கொப்பில், அவள் கைக்கு எட்டாமல், ஒரு குலைப் பூ தப்பியிருந்தது. அதை நான் கிள்ளி அவள் ரின்னுக்குள் போட்டேன். அவள் ரின்னைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். மிச்சத்தை இரண்டு பேரும் சேர்ந்து கிள்ளினோம்.

விருந்தை நிறுத்த முடியாது, ஊருக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது. என் பயணத்துக்குப் பத்து நாள் இருக்க, ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு வளவில் பாய் விரித்தோம். இறைச்சியை எருமைத் தயிரிலும் வெள்ளுள்ளியிலும் எங்கள் புதினாவிலும் ஊறவைத்திருந்தேன். கறிமிளகாயும் வெங்காயமும் நடுவில் கோர்த்தேன். பிளந்த பரலில் கரி சிவந்து கிடந்தது. தங்கள் உம்மா வீட்டுச் சாப்பாட்டில் குறை சொல்கிறவர்கள்கூட அன்று விரல் சூப்பினார்கள். நான் பெருமைக்குச் சொல்லவில்லை, இருந்தவர்களைக் கேட்கலாம்.

மனைவியின் மூத்த சகோதரர், அவளுடைய காக்காதான் ஆரம்பித்தார். "எங்க மச்சான் அந்த அரபு நாட்டுத் தக்காளி? கைப்பிடி அளவெண்டீங்க? பாஸ்போட்டுக்குள்ளயே பழுத்திட்டா?"

எல்லோரும் சிரித்தார்கள். என்னைப் போன்ற ஒருவனுக்கு அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டிருப்பது லேசான காரியம் இல்லை. கம்பியைத் திருப்பிக்கொண்டு நின்றேன். மனைவிக்குக் கதை தெரியும். "பூச்சி விழுந்திட்டு காக்கா" என்றாள். "நல்ல சாதிப் பூச்சி" என்றார் மாமி, கோழிகளின் பெயர் கெட்டதை மறக்காமல்.

"செரி, பயணம் எப்ப? டிக்கட் இரிக்கல்லவா?" காக்கா விடவில்லை.

டிக்கட் அலுமாரிக்குள் இருந்தது. அது அங்கேயே இருந்து பழசாகிப் போனது. ஆனால் அன்றைக்கு அதை நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை, மனைவியிடம்கூட.

"தக்காளி பழுக்கட்டும் மச்சான். பழுத்த உடன போவன்" என்றேன்.

பகிடி என்று நினைத்து மறுபடி சிரித்தார்கள். மகள் பரலுக்குப் பக்கத்தில் நின்று, கன்னம் உப்ப இறைச்சி சப்பிக்கொண்டிருந்தாள். பூவில்லாத செடிகளை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். பிறகு என் இடுப்புச் சாரத்தைப் பிடித்து இழுத்து, இரகசியம் சொல்வதாக நினைத்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள்.

"வாப்பா, அது பழுக்காது."

கையிலிருந்த கம்பியைத் திருப்ப மறந்து நின்றேன். அந்தக் கம்பியில் இருந்த இறைச்சி ஒரு பக்கம் கரிந்துபோனது. என் கையில் கரிந்த இறைச்சி அது ஒன்றுதான்.