நுனியை இழுத்தால் நீளும் கவுன்

என் சித்தி பொய் சொல்கிறார். அதுவும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில், சொந்தக்காரர் அத்தனை பேர் முன்னாலும் சொல்கிறார். போன கிழமை மாமா ஒரு பழைய படத்தைப் போட்டார். மாத்தளையில் தேர் பார்க்கப் போன அன்று எடுத்தது. அதில் நான் ஒரு நீலக் கவுனுக்குள் முக்கால்வாசி காணாமல் போயிருக்கிறேன். "தங்கச்சி அடிச்ச கூடாரம்" என்று மாமா எழுத, ஆளாளுக்குச் சிரித்தார்கள். சித்தியும் சேர்ந்து சிரித்துவிட்டு, "அன்னிக்கு அளவு பிழைச்சுப் போச்சு" என்று எழுதியிருக்கிறார்.

அளவு பிழைக்கவில்லை.

அப்போது நாங்கள் உக்குவளையில், ரயில் பாதைக்குப் பக்கத்தில் இருந்தோம். அப்பா, அம்மா, நான், கல்யாணம் ஆகாத சித்தி. அம்மாவுக்கு ஊசியில் நூல் கோக்கக்கூட வராது. சித்திதான் முன்னறையில் மெஷின் போட்டுத் தைப்பார். சிங்களப் பிள்ளைகளுக்குப் பள்ளிச் சீருடை, முஸ்லிம் பிள்ளைகளுக்கு நீளக் கை வைத்த சட்டை, எங்கள் ஆட்களுக்குத் தீபாவளிக் கவுன். எல்லாவற்றுக்கும் பழைய பேப்பரில் வெட்டிய பேட்டர்ன் இருந்தது. கை தனி, கழுத்து தனி, பாவாடை தனி. ஓட்டை போட்டு ஆணியில் மாட்டியிருப்பார். ரயில் போனால் எல்லாம் சடசடக்கும். யாருடைய கையையும் யாருடைய கழுத்தோடும் சேர்ப்பார். "கடைக்காரன் ஒரு கவுனத்தான் காட்டுவான். இந்த ஆணியில எத்தனை கவுன் தொங்குது தெரியுமா?" என்பார். கொஞ்சம் திமிர்தான். அந்தத் திமிருக்கு அவருக்கு உரிமை இருந்தது.

அந்த வருடத் தேருக்கு எனக்கு ஒரு கவுன் வெட்டினார். மேல்சட்டை பக்கத்து வீட்டு முஸ்லிம் அக்காவின் பேட்டர்ன். பாவாடை சீருடைப் பேட்டர்ன். இரண்டையும் தைத்து ஒட்டாமல் இடுப்பில் பட்டன் வைத்துப் பூட்டினார். கழற்றினால் பாவாடையை வெள்ளைச் சட்டையோடு கோயிலுக்குப் போடலாம், மேல்சட்டையைக் காற்சட்டைக்கு மேல் வகுப்புக்குப் போடலாம். பூட்டினால் தேருக்கான கவுன். எனக்குத் தலைகால் புரியவில்லை. போட்டுப் பார்க்கும்வரை.

"என்னா தங்கச்சி, புள்ளைக்குக் கவுன் தைக்கச் சொன்னா கூடாரம் அடிச்சிருக்க?" என்றார் மாமா.

"தையலுக்கு ஓரம் விட்டு வெட்டின பேட்டர்ன் அது. மறந்துபோய் மறுபடியும் விட்டுட்டேன்."

"தையலுக்கா விட்ட? பக்கத்து வீட்டுக்கும் சேத்துல்ல விட்டிருக்க!"

வேறு நாளாக இருந்தால் கத்தரிக்கோல் பறந்திருக்கும். சித்தி குனிந்து என் இடுப்புப் பட்டனைப் பூட்டிக்கொண்டே இருந்தார்.

தேரன்று நல்ல வெயில். சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்று நின்று அலுத்துப்போய், பாவாடை ஓரத்தைத் திருப்பிப் பார்த்தேன். உள்ளே மடிப்புக்கு மேல் மடிப்பு. ஒவ்வொரு மடிப்பின் மூலையிலும் முடிச்சுப் போட்ட ஒரு நூல் நுனி தொங்கியது. தொங்குகிற நூலை எந்தப் பிள்ளை விடும்? இழுத்தேன். சர்ரென்று தையல் மொத்தமும் உருவிக்கொண்டு வர, பாவாடை கணுக்காலுக்கு இறங்கியது.

கையில் ஓர் அடி விழுந்தது. "இப்ப இழுக்காதடி! அது அடுத்த வருசத்துக்கு!"

"மத்த நுனி?"

"அது அதுக்கு அடுத்த வருசத்துக்கு."

"நீங்க இழுத்து விடுவீங்களா சித்தி?"

"தேர் வருது, சாமியப் பாரு" என்றார். நான் பார்த்தேன். ஐஸ்கிரீம் வண்டிதான் வந்தது.

தன் சேலையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி என் பாவாடையை மடித்துக் குத்தினார். மாமா போட்ட படத்தை உற்றுப் பாருங்கள். சித்தி முந்தானையைக் கையால் பிடித்துக்கொண்டு நிற்பார். ஊக்கு என்னிடம் இருக்கிறது.

அடுத்த கிழமை ஒரு காலையில், "டவுனுக்கு நூல் வாங்கப் போறேன் பாப்பா" என்றார்.

"நீல நூலா?"

"நீலந்தான். அந்த மடிப்பத் திரும்பத் தைக்கணும்ல."

அவர் குவைத்துக்கு வேலைக்குப் போகிறார் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். புறப்படும்போது பிள்ளை அழுதால் சகுனம் சரியில்லை என்று எனக்கு மட்டும் மறைத்தார்கள். பெட்டி முன்னாடியே மாமா வீட்டுக்குப் போய்விட்டது. மாத்தளையில் நீல நூல் தீர்ந்திருக்கும், கண்டிக்குப் போயிருப்பார் என்று நான் படியில் உட்கார்ந்திருந்தேன். இருட்டியதும் அம்மா தூக்கிக்கொண்டு போனார். ஊக்கு குத்தியபடியே அந்த வருடம் முழுவதும் அந்தக் கவுனைப் போட்டேன்.

அடுத்த தேருக்கு ஊக்கை எடுத்தோம். அதற்கடுத்த தேருக்கு அம்மா ஒரு நுனியை இழுத்தார். நான் வளர்ந்ததும் பாவாடையை இறக்கிப் பூட்ட, மேல்சட்டைக்கு உள்ளே இரண்டாவது பட்டன் வரிசையும் இருந்தது. "நல்ல வேளை, அவ அளவு பிழைச்சா" என்று அம்மா சொல்வார்.

இப்போது நானும் தைக்கிறேன். தையலுக்கு இரண்டு தடவை ஓரம் விட்டால் ஒரு விரல் அகலம் கூடும், அவ்வளவுதான். பட்டன் வரிசை தானாக முளைக்காது. மெஷின் தையலை இப்படி ஒரே இழுப்பில் உருவவும் முடியாது. சித்தி அந்த மடிப்புகளைக் கையால் தைத்து, ஒரு முனையில் மட்டும் முடிச்சுப் போட்டிருந்தார். ஊசி பிடிக்கத் தெரியாத என் அம்மா இழுப்பதற்காக. பிழை என்று ஒப்புக்கொண்டு கேலியை வாங்கிக்கொண்டால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள், அவர் போகப்போவது எனக்கும் தெரியவராது. அதற்காகத் தன் கைத்திறமையையே கேலிக்குக் கொடுத்தார்.

ஒவ்வொரு நுனியையும் சித்தியே இழுத்து விடுவார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். இழுக்கத் தான் இருக்கப்போவதில்லை என்றுதான் அவர் அவற்றைத் தைத்தார் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை. கடைசி நுனியையும் இழுத்து, கவுன் முழங்காலுக்கு ஏறியும் அவர் வரவில்லை. வந்தபோது நான் சேலை கட்டியிருந்தேன்.

சித்தி, இப்போது நீங்கள் இருக்கும் பல்லேபொலவிலிருந்து எனக்குத் தனியாகப் போன் எடுக்க வேண்டாம். குரல் பதிவும் வேண்டாம், அதில் அழுது மழுப்பிவிடுவீர்கள். மாமாவின் அந்தப் படத்துக்குக் கீழே, அத்தனை பேரும் வாசிக்க எழுதுங்கள்: அளவு பிழைத்ததா, இல்லையா? எழுதிவிட்டு, வாங்கப் போன நீல நூல் எங்கே என்பதற்கும் அங்கேயே பதில் சொல்லுங்கள்.