காருக்குள் அழுகிய சாமி பூ

எண்பதுகளின் தொடக்கத்தில், ஓர் ஐப்பசி மாதம் நடந்தது இது. அப்போது நான் திருவண்ணாமலையில் வேர்க்கடலை மண்டி வைத்திருந்தேன். கல்யாணமாகி இரண்டு வருடம். ஒரு பழைய காரும் வாங்கியிருந்தேன். எங்கள் தெருவில் கார் வைத்திருந்தவன் நான் ஒருவன்தான் என்ற திமிர் வேறு!

அந்தக் காரில் முன்கண்ணாடிக்குக் கீழே, வெளிக்காற்று உள்ளே வர நீளமாக ஒரு திறப்பு உண்டு. தூசி வடிகட்ட அதில் ஒரு கம்பி வலை. வருடத்துக்கு ஒரு முறை கழற்றிக் கழுவுங்கள் என்று மெக்கானிக் சொல்லியிருந்தார். முதல் முறை கழற்றும்போதே துருப்பிடித்து உதிர்ந்துவிட்டது. வேறு வாங்கிப் போடச் சோம்பல்பட்டு அப்படியே விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை தவறாமல் காருக்கு மாலை போட்டுக் கோயிலுக்கு ஓட்டிப் போவேன். பழைய மாலையையும் அர்ச்சனைப் பூவையும் கண்ட இடத்தில் போட முடியுமா? கால்பட்டால் பாவமாயிற்றே. அப்புறம் கிணற்றில் போட்டுக்கொள்ளலாம் என்று அந்தத் திறப்பில் செருகி வைப்பேன். மறுவாரம் பார்த்தால் இருக்காது. காற்றில் பறந்திருக்கும் என்று நினைத்துப் புதிதாகச் செருகுவேன்.

என் அம்மா வீடு கீழ்பென்னாத்தூரில். என் மனைவி காரில் வருவது அங்கே மட்டும்தான். கிளம்பினாலே அவளுக்கு இருமலும் இளைப்பும் வந்துவிடும். தன் அம்மா வீட்டுக்குப் பஸ்ஸில் போவாள், ஒன்றும் வராது. "கார்ல ஏதோ நாத்தம் வருதுங்க" என்று பலமுறை சொன்னாள். மூக்குப்பொடி போட்டுப் பழகிய என் மூக்குக்கு எதுவும் எட்டவில்லை. "எங்கம்மா வீடுன்னா மட்டும் உனக்கு மூச்சு முட்டுமே!" என்று குத்திக் காட்டுவேன். போகப் போக அவள் சொல்வதையே நிறுத்திவிட்டாள். முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவள் நடிக்கிறாள் என்று நான் முழுதாக நம்பினேன்.

அன்று நல்ல மழை. கண்ணாடிகளை எல்லாம் ஏற்றிவிட்டு, காற்றுத் திறப்பை மட்டும் திறந்து வைத்து ஓட்டினேன். பாதி வழியில் இருமல் கேட்டது. "ஆரம்பிச்சிட்டியா?" என்றேன். இருமல் சட்டென்று நின்றது. திரும்பினேன். அவள் உதடு நீலமாக இருந்தது, கண் செருகிக்கொண்டிருந்தது.

காரை நிறுத்தி அவளை வெளியே இழுத்து, கொட்டுகிற மழையில் தாங்கிப் பிடித்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்துப் பெரிய சத்தத்தோடு மூச்சை இழுத்தாள். மறுபடி காரில் ஏற்றப் பார்த்தேன். மாட்டேன் என்று தலையை ஆட்டி, என் சட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். எதிரே திருவண்ணாமலைக்குப் போகும் பஸ் வந்தது. நடு ரோட்டில் நின்று மறித்து, காரை அங்கேயே போட்டுவிட்டு அவளோடு ஏறினேன். ஆஸ்பத்திரியில் ஊசி போட்ட டாக்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கார்ல மட்டும் வருதுன்னா காரைப் பார்க்க வேணாமா? இன்னும் கொஞ்ச நேரம் உள்ளயே இருந்திருந்தா உயிர் தங்கியிருக்காது" என்றார்.

மறுநாள் நடந்ததையெல்லாம் கேட்டுக்கொண்ட மெக்கானிக், காரின் முன்பக்க உள்தகட்டைக் கழற்றிக் கையை விட்டார். கறுப்பாக, கொழகொழவென்று ஏதோ வந்தது. மாலை நாரும், வெள்ளைப் பூசணம் பூத்த பூக்களும், மழைநீரில் ஊறி அழுகிய அருகம்புல்லும். அள்ள அள்ள வந்துகொண்டே இருந்தது. பொடி போட்ட என் மூக்குக்கே அந்த நாற்றம் தாங்கவில்லை.

"இன்னா சார், உள்ள பூக்கடையே வெச்சிருக்கீங்க!" என்று சிரித்தவர், என் முகத்தைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார். "இந்தக் காத்தத்தான் அந்தம்மா இத்தினி நாளா இழுத்துனு இருந்தாங்களா?"

அன்றே புது வலை போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய், ஒன்றையும் மறைக்காமல் அவளிடம் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். "நான் சொன்னேனேங்க" என்றாள், அவ்வளவுதான்.

அவள் அத்தனை முறை சொல்லியும் நம்பாத நான், வேறொருவர் அள்ளிக் காட்டியதும் உடனே நம்பினேன். அன்று அந்த மழையில் அவள் மூச்சு நின்றே போயிருந்தால்கூட, அதையும் நடிப்பு என்று நினைத்துக்கொண்டே திரும்பிப் பார்க்காமல் அம்மா வீடுவரைக்கும் காரை ஓட்டியிருப்பேனோ என்று இப்போதும் எனக்குப் பயமாக இருக்கிறது.